பாடலைப் பேச்சாக்கலாமா? தகடூர் தரும் அளவுகோல்

புகழ்பெற்ற ஒரு பாடலைப் புதிதாக ஆக்கும்போது, பாடகரை விலக்கிவிட்டுக் கவிஞரின் பேச்சுக்குரலை நடுவில் வைப்பது நல்லதா? வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய முடிகிற காலத்தில் இந்தச் சோதனையைப் பலர் செய்வார்கள். எந்தக் கவிதைக்கு இது பொருந்தும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

முதலில் மெட்டின் பக்கத்தைப் பார்ப்போம். ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடலுக்குப் பாரதி குறித்த ராகம் பைரவி. 1951இல் வந்த ‘மணமகள்’ படத்தில் சி.ஆர். சுப்பராமன் அதை ராகமாலிகையாக்கினார். தமிழர் காதில் நிலைத்தது அந்த மெட்டுதான். கவிஞரின் ராகம் போயும் கவிதை குலையவில்லை. கொஞ்சுதலே அதன் உயிர். கொஞ்சுதலை மெட்டு வளர்க்கும்.

எல்லாக் கவிதைக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ராஜன் சோமசுந்தரம் டர்ஹாம் சிம்பொனியுடன் சேர்ந்து சங்கப் பாடல்களுக்கு இசையமைத்த ‘சந்தம்’ 2020இல் வெளிவந்தது. கணியன் பூங்குன்றனாரை உலக மேடைக்குக் கொண்டுபோன பெருமை அந்த முயற்சிக்கு உண்டு. ஆனால் அவருடைய ‘யாதும் ஊரே’ ஒரு வாதம். ஒவ்வொரு வரியும் அடுத்ததற்குப் படியாகி, பெரியோரை வியப்பதையும் சிறியோரை இகழ்வதையும் மறுக்கும் முடிவில் போய் நிற்கிறது. முதல் வரி பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும்போது கேட்பவர் அங்கேயே தங்கிவிடுகிறார். கவிஞர் ஏறிச்சென்ற உயரம் கைநழுவுகிறது.

இங்கேதான் பேச்சுக்குரலுக்கு வேலை இருக்கிறது. ‘இருவர்’ (1997) படத்தில் வைரமுத்துவின் வரிகளை அரவிந்த்சாமி பேச, ஏ.ஆர். ரகுமானின் இசை அந்தக் குரலுக்குப் பின்னால் நின்றது. சொல் தன் வேகத்திலேயே நடந்தது. ஒரு குறை உண்டு: அது நடிகரின் குரல், பாத்திரத்துக்காகப் பழகிய குரல். எந்தச் சொல்லில் மூச்சு முட்டும், எங்கே வரி உடையும் என்பது எழுதியவரின் தொண்டைக்கே முதலில் தெரியும்.

பாட்டையும் பேச்சையும் இணைப்பது நமக்குப் புதிதல்ல. தருமபுரி வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பிரசங்கத்தில் வில்லிபாரதச் செய்யுள் ராகத்தில் ஒலிக்கும். ராகம் நின்றதும் பொருள் பேச்சில் விரியும். கூத்திலும் பாட்டு முடிந்த இடத்தில் வசனம் தொடங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. இந்த ஒழுங்கை நம் சோதனைக்காரர்கள் கற்க வேண்டும்.

இந்த மண்ணின் கவிதையையே எடுத்துக்கொள்வோம். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூறு 235ஆம் பாடலில், கள்ளைப் பகிர்ந்தது, சோற்றைப் பகிர்ந்தது, தலையை வருடிய கை என நினைவுகள் ஒவ்வொன்றாக வந்து, ஒரே இரங்கல் ஒலியில் முடிகின்றன. இந்தப் பாடல் அமைந்த ஆசிரியப்பாவின் அகவலோசை பேச்சுக்கு மிக நெருக்கமானது. மெட்டுப் போட்டால் எல்லா முடிவும் ஒரே சுரத்தில் விழும் ஆபத்து உண்டு. பேசினால் ஒவ்வொரு முறையும் துயரம் கூடும். ஔவையின் குரல் நமக்கில்லை. ஆனால் ‘ஔவை’ நாடகத்தை எழுதிய இன்குலாப்பைப் போல, அவளைத் தமக்குள் வாங்கிக்கொண்ட கவிஞர் பேசலாம்.

அதே இன்குலாப்பின் ‘மனுசங்கடா’வே இதற்கு எதிர்ச்சான்று. கே.ஏ. குணசேகரனின் குரலில்தான் அது ஊர் ஊராகப் போனது. கூட்டம் சேர்ந்து திருப்பிப் பாடுவதில்தான் அதன் வலிமை. அதைத் தனிக்குரல் பேச்சாக்கினால் சினம் மிஞ்சும், கூட்டம் போய்விடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: கொஞ்சுகிற, கூடிப் பாடுகிற கவிதைகளை மெட்டிலேயே விட வேண்டும். வாதிடுகிற, புலம்புகிற கவிதைகளுக்குக் கவிஞரின் பேச்சுக்குரல் கூடுதல் அழகு அல்ல, நியாயமான வடிவம். ஆனால் ஒரு நிபந்தனை. முன்பே முடித்துவைத்த தாளத்தின்மேல் குரலை ஒட்டக்கூடாது. அப்போது கவிஞர் தாளத்துக்காகச் சொல்லை இழுப்பார், இல்லையெனில் விழுங்குவார். முதலில் குரலைத் தனியாகப் பதிவுசெய்து, அதன் மூச்சை அளந்து, பிறகு இசையை அமைக்க வேண்டும். இந்த வரிசை மாறிய மறுஆக்கம் எவ்வளவு புதுமையாக ஒலித்தாலும் கவிதைக்கு நேர்மையானதல்ல.