நரம்பிணைப்பும் சொல்லும்: எரிக் கண்டெலின் உளச்சிகிச்சை விளக்கம் பற்றிச் சில குறிப்புக்கள்

உளச்சிகிச்சை ஏன் பயன் தருகிறது என்பது உளமருத்துவரின் தொழில்சார் வினா மாத்திரமன்று. மருந்தோ சத்திரசிகிச்சையோ இன்றி, இருவர் ஓர் அறையில் அமர்ந்து பேசுவதால் ஒருவரது நோய் தணிகிறதெனின், பேச்சு என்பதுதான் யாது என்ற வினா உடனெழுகின்றது. அது மொழியையும் இலக்கியத்தையும் ஆராய்வோருக்கும் உரிய வினாவாகும். இதற்கு நரம்பியல் அளித்துள்ள விடையினை, அத்துறையின் தலையாய பிரதிநிதிகளுள் ஒருவரான எரிக் கண்டெலின் எழுத்துக்களை முன்வைத்து ஈண்டு நோக்கலாம்.

1929 இல் வியன்னாவிற் பிறந்த கண்டெல், யூதர் மீதான நாஸி ஒடுக்குமுறை காரணமாக 1939 இல் அமெரிக்கா சென்றவர். உளப்பகுப்பாய்வாளராக வர விரும்பிய அவர், அப்ளீசியா என்னும் கடல்நத்தையின் நரம்புக்கலங்களை ஆராயத் தலைப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் நொபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்களையே கொண்ட அவ்வுயிரியும் கற்கின்றது. அதன் வாலில் ஒருமுறை அதிர்ச்சி தரப்படின், ஏலவேயுள்ள நரம்பிணைப்புக்கள் சிறிது நேரம் வலுப்பெறுகின்றன. இடைவெளி விட்டுப் பன்முறை தரப்படினோ, கலக்கருவிலுள்ள பரம்பரையலகுகள் தூண்டப்பட்டுப் புதிய புரதங்கள் தோன்றுகின்றன. புதிய நரம்பிணைப்புக்கள் முளைக்கின்றன. அனுபவம் கலத்தின் அமைப்பையே மாற்றுகின்றது.

இந்த அடிப்படையிலேயே 1979 இலும் 1998 இலும் வெளிவந்த இரு கட்டுரைகளில் கண்டெல் தம் கருதுகோளை வகுத்தார். உளச்சிகிச்சை ஒரு கற்றல். கற்றல் பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டை மாற்றுவது. எனவே வெற்றி பெறும் சிகிச்சை மூளையின் இணைப்புக்களை மாற்றியே வெற்றி பெறுதல் வேண்டும். பரம்பரையலகு மனிதனின் மாற்றவியலாத தலைவிதி என்ற பிற்போக்குக் கருத்துக்கு இதனிலும் வன்மையான மறுப்பு உயிரியலுக்குள்ளிருந்து வருதல் அரிது. உடலுக்கு மருந்து, உள்ளத்துக்குப் பேச்சு என்ற பழைய இருமைவாதமும் இங்கு தகர்கின்றது. பொருள்முதல்வாதிகள் இதனை வரவேற்கவே வேண்டும்.

நிற்க. மூளைப்படங்கள் கூறுவது யாது? வேண்டாத எண்ணங்களும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதலும் வாட்டிய நோயாளரை லூயிஸ் பக்ஸ்ரரும் அவருடன் ஆய்ந்தோரும் லொஸ் ஏஞ்சலிஸில் ஆராய்ந்து 1992 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்பதின்மருக்கு மருந்து, ஒன்பதின்மருக்கு நடத்தைச் சிகிச்சை. இரு குழுவினருள்ளும் குணமடைந்தோரின் மூளையில், வலப்புற வாலுருக் கரு என்னும் பகுதியின் குளுக்கோசு நுகர்வு ஒரே விதமாகக் குறைந்திருந்தது. 2004 இல் ரொறன்ரோவிலிருந்து வெளிவந்த மனச்சோர்வு பற்றிய ஆய்வோ வேறு விதமாக அமைந்தது. சிந்தனைப் போக்கைத் திருத்தும் சிகிச்சை பெற்றோரிடம் நுதற்புறணியின் சில பகுதிகளில் இயக்கம் குறைந்து, நினைவுடன் தொடர்புடைய ஹிப்போகாம்பசில் கூடிற்று. மருந்து பெற்றோரிடம் ஏறக்குறைய இதற்கு எதிர்த்திசையிலான மாற்றம் காணப்பட்டது. ஓரிடத்தில் இரு வழிகளும் ஒன்றிற் சேருகின்றன. பிறிதோரிடத்தில் பிரிந்து செல்கின்றன.

இவ்வாய்வுகள் சிறியன என்பது ஒரு புறமிருக்க, தருக்க இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. உளத்தொழிற்பாடு அனைத்தும் மூளையின் தொழிற்பாடே எனின், உளம் மாறும்போது மூளையும் மாறும் என்பது முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். படம் அம்மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் காட்டுகின்றது; எது அதனை நிகழ்த்தியது என்பதைக் காட்டுவதில்லை. கடல்நத்தைக்கு அதிர்ச்சி உண்டு, சொல் இல்லை. நோயாளியின் அறையில் நிகழ்வதோ சொல்லாலாய வினை. கண்டெலின் விளக்கம் மௌனமாகத் தாண்டிச் செல்லும் இடைவெளி இதுவே.

அவ்விடைவெளியை நோக்கி நமது சிந்தனை மரபினர் முன்னரே நடந்திருந்தனர். 1927 இல் வெளியான பிராய்டியம் பற்றிய நூலில் வொலோஷினொவ், நோயாளி கூறுவன அவரது ஆழ்மனத்திலிருந்து மட்டும் ஊறுவனவல்ல, மருத்துவருக்கும் அவருக்குமிடையிலான சிறிய சமூக உறவின் விளைபொருளுமாம் என வாதிட்டார். உயர் உளத்தொழிற்பாடு ஒவ்வொன்றும் முதலில் மனிதருக்கிடையிலும் பின்னரே மனிதனுக்குள்ளும் தோன்றுகின்றது என்பது வைகோட்ஸ்கியின் முடிபு. 2007 இல் மத்தியூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றை இதனுடன் இணைத்துப் பார்த்தல் தகும். அச்சமும் சினமும் தோன்றும் முகப்படங்களைக் கண்டோர் அவ்வுணர்ச்சிக்குப் பெயரிட்டபோது, அச்சத்துடன் தொடர்புடைய அமிக்டலாவின் எதிர்வினை தணிந்தது. நுதற்புறணியின் ஒரு பகுதி விழித்தது. அவர்கள் நோயாளரல்லர், உடல்நலமுடையோர். ஆகவே இதனை மிகைப்படுத்தல் ஆகாது. எனினும் பெயர் என்பது எவரும் தனியே ஆக்கிக்கொள்வதன்று. ஒரு மொழிச் சமூகம் தந்தது. சமூகத்தின் உடைமையான சொல், தனிமனிதனின் உடலுக்குட் புகுந்து தொழிற்படும் ஒரு கணத்தை இங்கு காண்கிறோம்.

எம்மவர் பக்கத்துக் குறையையும் கூறாதுவிடல் நேர்மையன்று. உளச்சிகிச்சையை ஓய்வுள்ள வர்க்கத்தின் பொழுதுபோக்கென ஒதுக்கிய முற்போக்காளர் பலர். 1936 இன் தீர்மானத்தின் பின்னர் சோவியத் நாட்டில் வைகோட்ஸ்கியின் எழுத்துக்கள் ஒதுக்கப்பட்டன. 'சிந்தனையும் மொழியும்' 1956 வரை மறுபதிப்புக் காணவில்லை. 1950 இல் மொஸ்கோவில் நடைபெற்ற பவ்லோவ் அமர்வு உளவியலை அனிச்சைச் செயல்களின் உடற்றொழிலியலாகக் குறுக்க முயன்றது. மனிதனை நரம்பாக மட்டும் காணும் தவற்றை மேனாட்டு ஆய்வுகூடங்கள் மட்டும் செய்யவில்லை.

கண்டெல் இத்தவற்றை முழுமையாகச் செய்பவரல்லர். சமூகக் காரணிகள் பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டிலே பதிகின்றன என 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையிலே தெளிவாக எழுதியுள்ளார். ஆயினும் அச்சமூகம் அங்கு முகமற்றது. வேலையிழந்தவனின் மனச்சோர்வும், வேலை கொடுத்தவனின் மனச்சோர்வும் அச்சட்டகத்தில் ஒரே வகையின. 2006 இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலோ நிலைமை வேறு. 1938 நவம்பரில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவனின் அச்சம், பின்னாளில் நினைவாற்றலை ஆராயத் தம்மை உந்தியவற்றுள் ஒன்று என்கிறார். எத்தனை நரம்பிணைப்புக்களில் அவ்வச்சம் பதிந்தது என்பதை அவரது அறிவியல் ஒருவேளை கணக்கிடலாம். கதவைத் தட்டியவர் எவர், ஏன் தட்டினர் என்பதை அந்நூலின் வரலாற்று அத்தியாயங்களே கூறுகின்றன. கடல்நத்தை பற்றிய அத்தியாயங்கள் கூறவில்லை.