பதினொன்றரை அடி வளர்ந்த கோபுரம்

கண்ணாடி போடாத புண்ணியவான்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். உங்களுக்கு இது புரியவே புரியாது. பள்ளிக்கூடத்திலேயே ‘சோடாபுட்டி’ பட்டம் வாங்கினவர்கள், விடிந்ததும் தலையணைப் பக்கம் தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடுகிறவர்கள், சலூன் நாற்காலியில் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதிரே கண்ணாடியில் இருப்பது நாமா அடுத்த ஆளா என்று தெரியாமல் பாரத்தை ஆண்டவன்மேல் போட்டு உட்காருகிறவர்கள், நீங்கள் மட்டும் கிட்டே வாருங்கள். நான் கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்துவிட்டேன்! காலையில் புதுசாகப் பிரித்துப் போட்டு, ராத்திரி கழற்றிக் குப்பையில் எறிந்துவிடுகிற லென்ஸ்! பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டது. பரவாயில்லை, இனி உங்களிடம் சொல்கிறேன்.

சும்மா கற்பனை பண்ணிப் பாருங்கள். சாயங்காலம். ஏகாம்பரநாதர் சன்னதி தெரு. எதிரே கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பின ராஜகோபுரம், 192 அடி. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம்தான். ஆனால் கண்ணாடிக்காரன் கோபுரத்தை எப்படிப் பார்ப்பான் தெரியுமா? கழுத்தை அண்ணாந்து, பிரேமுக்குள் ஒரு நிலையைப் பிடித்து, அப்புறம் இன்னும் அண்ணாந்து அடுத்த நிலை. கண்ணை மட்டும் மேலே உருட்டினால் பிரேமுக்கு மேலே எல்லாம் கலங்கல். அன்றைக்கு லென்ஸோடு போய் நின்றேன். கழுத்தை அசைக்கவே இல்லை. வாசற்படியிலிருந்து கலசம் வரைக்கும் ஒரே வீச்சில், ஓரத்தில் தேங்காய்க் கடை, இந்தப் பக்கம் மாடு, அந்தப் பக்கம் பூக்கூடை, எதற்கும் விளிம்பே இல்லை! அதோடு இன்னொரு விஷயம், கோபுரம் பெரிசாகத் தெரிந்தது. பிரமை என்று நினைத்தேன். பிரமை இல்லையாம்! மைனஸ் 5 பவர் கண்ணாடி கண்ணுக்கு 12 மில்லிமீட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பார்க்கிறதையெல்லாம் ஏறக்குறைய 6 சதவீதம் சிறிசாக்கித்தான் காட்டும். லென்ஸ் கருவிழிமேலேயே உட்காருவதால் அந்தச் சுருக்கம் அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது. 192 அடிக்கு 6 சதவீதம் எவ்வளவு? அங்கேயே போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். பதினொன்றரை அடி! ராயர் கட்டிவைத்ததில் பதினொன்றரை அடியை என் மூக்குமேல் இருந்த துண்டு பிளாஸ்டிக் இத்தனை வருஷமாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறது!

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது? கண் பார்த்த ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மாவிடமிருந்து. எனக்குப் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற வேலை; கட்டம் கட்டமாகக் கிராஃபில் அன்னத்தையும் யாளியையும் வரைந்து ஜக்கார்டு அட்டைக்குக் கொடுப்பேன். வாழ்நாள் முழுக்கக் கட்டத்துக்குள் வேலை பார்க்கிறவன், அந்தக் கண் சீட்டில் இருக்கிற நாலு கட்டத்தை ஒருநாளும் படித்ததில்லை. “மேடம், இதுல என்னதான் எழுதியிருக்கு?” என்றேன். அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிட்டார். (நம் ஊர்ப் பெருமையை இங்கே சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1976-ல் காஞ்சி மடத்தின் ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் தொண்டு மனத்தோடு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று டாக்டர்களிடம் எடுத்துச் சொன்னார். 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். கண் அளக்கிற கலையை நாலு வருஷப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தர 1985-ல் அவர்களே எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியையும் ஆரம்பித்தார்கள்.)

சீட்டுக்கு வருவோம். ஓ.டி. என்றிருந்தால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது, லத்தீன். முதல் கட்டம் ஸ்பியர். எனக்கு வலதில் மைனஸ் 5, இடதில் மைனஸ் 4.50. மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, ப்ளஸ் என்றால் தூரப்பார்வை. இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த 5 என்கிற எண்ணுக்கு ஒரு தூரம் இருக்கிறது என்று தெரியுமா? ஒன்றை ஐந்தால் வகுங்கள், 0.2 மீட்டர். 20 சென்டிமீட்டர்! கண்ணாடி இல்லாமல் என் வலது கண்ணுக்கு உலகம் தெளிவாக இருப்பது 20 சென்டிமீட்டர் வரைக்கும்தான், அதற்கப்பால் கலங்கல். வீட்டுக்குப் போய் ஸ்கேலை மூக்கில் வைத்துத் தினமலரைப் பிடித்து அளந்தேன், சரியாக வந்தது, கூத்தாடினேன். “ஏங்க, பேப்பரைப் படிக்கிறீங்களா, அளக்கிறீங்களா?” என்றாள் மனைவி.

அடுத்த இரண்டு கட்டம் சிலிண்டரும் ஆக்ஸிஸும். இங்கேதான் எல்லாரும் மயங்கி விழுவார்கள், நான் மட்டும் துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் இது தறிக்காரனுக்குத் தெரிந்த சங்கதி. பாவு ஒரு இழுப்பாகவும் ஊடை ஒரு இழுப்பாகவும் போனால் துணியில் போட்ட வட்டம் வட்டமாக நிற்குமா? ஒரு பக்கம் நீண்டுகொள்ளும். கருவிழியும் அப்படித்தான், ஒரு திசையில் வளைவு கூட, குறுக்கே வளைவு குறைச்சல் என்றால் வெளிச்சம் ஒரே புள்ளியில் வந்து சேராது. அந்த வித்தியாசம் எவ்வளவு என்பது சிலிண்டர், அதைச் சரிக்கட்டுகிற பவரை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பது ஆக்ஸிஸ், 1 முதல் 180 டிகிரிக்குள். என் வலது கண்ணுக்கு மைனஸ் 0.75, ஆக்ஸிஸ் 180. அதற்கு டோரிக் லென்ஸ் என்று தனி ரகம். கண் சிமிட்டச் சிமிட்ட அதுவாகவே சரியான சாய்வில் போய் நிற்கிற மாதிரி கனத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்திருக்கிறார்களாம், எந்த மூளையில் உதித்ததோ!

அப்புறம் லென்ஸுக்கென்று தனிச் சீட்டு எழுதினார். பார்த்தால் வலது கண்ணில் மைனஸ் 4.75, இடதில் மைனஸ் 4.25! பவர் குறைந்துவிட்டது என்று அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு அலறினேன். குறையவில்லை, அந்த 12 மில்லிமீட்டர் இடைவெளி போனதால் அவ்வளவு பவரே போதும் என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மைனஸ் பவர் 4-ஐத் தாண்டினவர்களுக்கு இந்தக் கழிவு உண்டு. பேஸ் கர்வ் 8.6 என்றால் லென்ஸின் உள்வளைவு. எண் குறையக் குறைய வளைவு இறுக்கம். குறுக்களவு 14 மில்லிமீட்டர் சொச்சம். கருவிழியே 12-க்குள்தான், அதனால் லென்ஸ் வெள்ளைவிழிமேலும் கொஞ்சம் படர்ந்து உட்காரும்.

சரி, போடுவது எப்படி? என் மாமியார், “அது கண்ணுக்குப் பின்னால போய் மூளையில மாட்டிக்குமாமே!” என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார். போகவே போகாது, இமைக்குப் பின்னால் சவ்வு மடங்கிப் பையாக மூடியிருக்கிறது, வழியே கிடையாது. ஆட்காட்டி விரல் நுனியில் அது நிற்கிறது பாருங்கள், பாதிக்குமேல் தண்ணீர்தான், எடையே இல்லை. விளிம்பு நேராக எழும்பிக் கிண்ணமாக இருந்தால் சரி, வெளிப்பக்கம் மடிந்திருந்தால் உள்வெளி மாறிவிட்டது. இடது கையால் மேல்இமையைத் தூக்கிப் பிடித்து, விரலைக் கொண்டுபோகக் கொண்டுபோக இந்தக் கண் இருக்கிறதே, எனக்கே சொந்தமான கண், படபடவென்று அடித்துக்கொண்டு மூடுகிறது! தாடையெல்லாம் தண்ணீர், சட்டைக் காலரெல்லாம் தண்ணீர், லென்ஸ் ஒருதரம் மூக்கில், ஒருதரம் மீசையில். “சார், விரலைப் பார்க்காதீங்க, கண்ணாடியில இருக்கிற உங்க கண்ணைப் பாருங்க” என்றார். பார்த்தேன். ஒரு சில்லிப்பு, அவ்வளவுதான். சிமிட்டினேன். எதிர்ச் சுவரில் மங்கலாக இருந்த எழுத்தட்டை, 1862-ல் டச்சுக்கார டாக்டர் ஸ்னெல்லன் போட்டுக்கொடுத்த அதே வகை அட்டை, கடைசி வரி வரைக்கும் கறுப்பு மையில் எழுந்து நின்றது! வரியைப் படிக்கச் சொன்னார். நான் அட்டைக்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயரைப் படித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஆளைத் தேடிக் கும்பிடத் தோன்றியது. பிராகில் ஓட்டோ விக்டர்லே என்று ஒரு ரசாயன விஞ்ஞானி. மெத்து லென்ஸ் செய்ய முடியும் என்று இவர் சொன்னதை மேலிடத்தில் பெரிசாக யாரும் நம்பவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடுகிற மெர்க்கூர் இரும்புத் துண்டுகளை முடுக்கி, சைக்கிள் டைனமோவைக் கட்டி, சுழலுகிற அச்சில் ஜெல்லை ஊற்றி லென்ஸ் எடுத்துவிட்டார். சைக்கிள் டைனமோ ஐயா! நம் தறிக்கூடத்து ஆட்களின் புத்திதான் அவருக்கும். 1971-ல் அமெரிக்காவில் அனுமதி, 1987-ல் அக்யூவியூ என்று போட்டெறிகிற லென்ஸ், தொண்ணூறுகளின் நடுவில் தினசரி லென்ஸ் என்று வளர்ந்து என் விரல் நுனிக்கு வந்திருக்கிறது.

முதல் வாரம் நான் பண்ணின கூத்தை எழுதினால் வெட்கம், இருந்தாலும் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிற பஸ் போர்டையெல்லாம் சத்தமாகப் படித்தேன், செய்யாறு, உத்திரமேரூர், அரக்கோணம், தாம்பரம். ஒரு கண்டக்டர், “எங்க சார் போவணும்?” என்றார். எங்கேயும் போகவேண்டாம்! பிளாட்பாரத்தில் கூலிங் கிளாஸ் வாங்கினேன், வாழ்க்கையிலேயே முதல் கூலிங் கிளாஸ். நம்மைப் போன்றவர்களுக்கு அதிலும் பவர் வைத்தால்தான் உண்டு, அதனால் ஆசையையே மூட்டைகட்டி வைத்திருந்தேன். மழையில் நனைந்தேன், துடைக்க எதுவும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் காது வலிக்கவில்லை. சூடாகக் காஞ்சிபுரம் இட்லியை மந்தாரை இலையிலிருந்து பிரித்தேன், ஆவி நேராக முகத்தில் அடித்தது, மிளகும் சுக்கும் மணக்க மணக்க அந்த இட்லியை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எதுவும் மங்கவில்லை!

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, வைகாசி கருட சேவையைக் கேளுங்கள். 2019-ல், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை காட்சி தருகிற அத்திவரதர் எழுந்தருளினபோது நானும் முண்டியடித்து உள்ளே போனேன், வியர்வையில் கண்ணாடி பனித்து, துடைக்கக் கையைத் தூக்க இடமில்லாமல், பச்சையும் பொன்னுமாக ஏதோ ஒரு கலங்கலைச் சேவித்துவிட்டு வெளியே தள்ளப்பட்டவன் நான், அடுத்தது 2059, அப்போது எனக்கு எண்பது நெருங்கும். அந்த ஏக்கத்தோடு இந்த வருஷம் விடியாத வேளையில் போய் வரதராஜர் கோயில் வாசலில் நிற்கிறேன், நினைத்துப் பாருங்கள், நாலா பக்கமும் தலை, முன்னால் ஒரு அப்பா தோளில் குழந்தை, தீவட்டி எண்ணெய் வாசனை, துளசி வாசனை, நாதஸ்வரம் எங்கிருந்தோ நெருங்கி நெருங்கி வருகிறது, கதவு திறக்கிறது, கருடன்மேல் பெருமாள், தோளுக்குத் தோள் மாலை, வைர நெற்றிச்சுட்டி ஆடுவது தெரிகிறது, கருடனின் மூக்கு தெரிகிறது, குடைக் குஞ்சலத்தின் ஒவ்வொரு நூலும் தெரிகிறது, தொட்டாச்சாரியார் என்கிற பக்தருக்காகக் கோபுர வாசலில் குடையைச் சாய்த்து ஒரு நொடி மறைப்பார்களே, அந்த நொடியில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, குடை விலகினதும் தீவட்டி வெளிச்சத்தில் அந்தத் திருமுகம், எனக்கும் அதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி இல்லை, பிரேம் இல்லை, பனி இல்லை, கன்னத்தில் வழிகிறதைக்கூடத் துடைக்கத் தோன்றாமல் “வரதா! வரதா!” என்று கத்தினேன், என் பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார், பாதி அதுவும்தான்!

குறையே இல்லையா என்றால், ஏதோ ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றினால் போதும், அந்த 20 சென்டிமீட்டரில் ஜரிகையை வைத்து, வெள்ளி இழைக்குள் சிவப்புப் பட்டு ஓடுகிறதா என்று பூதக்கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவேன். லென்ஸ் போட்டால் அந்த வித்தை போச்சு. நாற்பதைத் தாண்டினவன், சாளேஸ்வரம் எட்டிப் பார்க்கிறது, கிராஃப் போட மட்டும் ப்ளஸ் 1.25 கண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். போகட்டும்! சீட்டில் ‘ஆட்’ என்று கடைசியில் இருக்கிறதே, அது இந்தக் கிட்டத்து வேலைக்கான கூடுதல் பவர். தறியில் உட்காருகிற என் சித்தப்பா, முந்தானையை உடலோடு சேர்த்துப் பேட்னி போடுகிற இடத்தில் இழை தெரியவில்லை என்று கோர்வை வேலையையே விட இருந்தவர், அவரையும் இழுத்துக்கொண்டு போய் ப்ளஸ் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அஸ்ஸாமில் நாற்பது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்கு இப்படிக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2018-ல் வெளியானது. கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்தது 20 சதவீதத்துக்குமேல் கூடியதாம். தறிக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்! தினசரி லென்ஸின் விலையைப் பற்றி என் மனைவி பேசுவாள், நான் பேசமாட்டேன்.

ஆசையில் நீங்களும் இன்றைக்கே ஓடுவீர்கள், அதனால் சிலதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கை மட்டும்தான் லென்ஸைத் தொடலாம். கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம், மீன்குழம்பு சாப்பிட்ட விரலின் காரம் லேசில் போகாது. குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது. கோயில் குளம், குளியல், நீச்சல், எதுவும் லென்ஸோடு வேண்டாம், தண்ணீரில் இருக்கிற அகாந்தமீபா என்கிற கிருமி கருவிழியையே அரித்துவிடும். போட்டபடி தூங்கக் கூடாது. தினசரி லென்ஸை மறுநாளுக்கு எடுத்துவைக்கிற சிக்கனமும் வேண்டாம். சாயப்பட்டறைக்குப் போகும்போது நான் பழைய கண்ணாடிதான். விபூதி இட்டுக்கொள்ளும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

டாக்டரிடம் போனால் சும்மா திரும்பாதீர்கள். இரண்டு சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள், கண்ணாடிக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று, இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து “இது என்ன, இது என்ன” என்று கேளுங்கள், சொல்லித்தருவார்கள். கண்ணாடிச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களாகவே லென்ஸ் வாங்கிவிடாதீர்கள். அதெல்லாம் முடிந்து லென்ஸும் கையில் வந்துவிட்டால், ஒரு சாயங்காலம் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுங்கள், சன்னதி தெருவில் நான் இருப்பேன்.