முறைவைத்து இரையான விலங்குகள்

கதைசொல்லல் முகாம் இல்லாத ஊர் இப்போது குறைவு. கேரளத்தின் பெருங்கடவிளை, பாறசாலைப் பக்கத்து நூலகங்கள் நடத்தும் 'பாலவேதி' சிறுவர் மன்றமானாலும் சரி, எல்லைக்கு இந்தப்புறம் நாகர்கோவிலானாலும் சரி, வகுப்பில் ஒருவனைச் சேர்ந்துகொண்டு சீண்டுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உடனே ஒரு சிங்கமும் முயலும் வந்துவிடுகின்றன. பிள்ளையை நேரே சுட்டாமல் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்மைதான். தன்னை அடித்தவனைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை முயலைப் பற்றி ஓயாமல் பேசும். கதையும் மறக்காது.

ஆனால் அந்தப் பஞ்சதந்திரக் கதையில் என்ன நடக்கிறது? காட்டு விலங்குகள் கூடிப் பேசி, நாளுக்கு ஒருவர் என்று முறைவைத்துச் சிங்கத்துக்கு இரையாகச் சம்மதிக்கின்றன. வகுப்பறையில் நடப்பதும் அதுதான்: இன்று அவன் மாட்டினான், நான் தப்பித்தேன். கதையின் உயிரான இந்த இடத்தைக் கதைசொல்லிகள் ஒரே வரியில் தாண்டிவிட்டு, முயல் சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்கவைக்கும் இடம் வந்ததும் குரலை உயர்த்துகிறார்கள். சிங்கம் விழுகிறது, கைதட்டல். சீண்டப்படுபவன் தன் புத்தியால் தனியாகத் தப்பிக்க வேண்டும், எதிரி சாக வேண்டும் என்பதுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும் பாடம். புத்தி வராத முயலுக்கு? அதன் தலையெழுத்து. ஆண்டர்சன் 1843-இல் எழுதிய அழகில்லாத வாத்துக்குஞ்சும் இந்த ரகம்தான். அன்னமாகப் பிறந்திருந்ததால் பிழைத்தது; வாத்தாகவே இருந்திருந்தால் கொத்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

சிங்கம் பிறவியிலேயே சிங்கம். வகுப்பில் அடிப்பவன் அப்படியல்ல. சுற்றி நின்று சிரிப்பவர்கள் அவனுக்குப் பலம் தருகிறார்கள். சில ஊர்களில் சாதி தருகிறது, எல்லைப்புறத்தில் மொழி தருகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மலையாள வகுப்பில் 'பாண்டி' என்று இழிவாகக் கூப்பிட்டால் எந்த முயலின் தந்திரம் உதவும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் புகார் சொன்ன பிறகு நடந்தது அது. அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரில் ஒட்டிய சாதி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே 2024-இல் அறிக்கை தந்தது. காட்டில் கயிறும் இல்லை, சாதியும் இல்லை. பெரியவர்களுக்கு அந்தக் காடு பிடித்துப்போனதற்கு அதுவே காரணமோ என்னவோ.

விலங்குக் கதைகளால் பலனாவது உண்டா? டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு விலங்குப் படங்களோடும் சிலருக்கு மனிதப் படங்களோடும் படித்துக் காட்டினார்கள். 2017-இல் வந்த முடிவு: மனிதக் கதை கேட்டவர்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகம் பகிர்ந்தார்கள், விலங்குக் கதை கேட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. அது பகிர்வைப் பற்றியது, சீண்டலைப் பற்றியதல்ல என்பார்கள். ஸ்டிக்கர் அளவுக்கே எட்டாத பாடம் அடிதடிக்கு எட்டுமா?

கற்பனையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலில் பொம்மை பேசுகிறது. ஆனால் தொல்லைக்கு ஆளாகிறவள் மனிதப் பிள்ளை.

முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கக் கதையை விட மனமில்லையென்றால் கிணற்றுக்கு அவசரப்படாதீர்கள். விலங்குகள் முறைவைத்த கூட்டத்திலேயே கதையை நிறுத்தி, அங்கே யார் எழுந்து பேசியிருக்கலாம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.