பனலூவின் இரு பிரசங்கங்கள்

ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட 'கொள்ளைநோய்' என்னும் பிரெஞ்சு நாவல், பிரசங்க மேடை ஏறும் எவரும் படிக்கத்தக்கது. அல்ஜீரியாவின் ஓரான் நகரைக் கொள்ளைநோய் பற்றிக்கொள்கின்றது. இயேசு சபைக் குருவாகிய பனலூ அங்கு இருமுறை பிரசங்கிக்கின்றார். இத்துன்பம் உங்கள் பாவத்திற்கு ஏற்ற தண்டனை என்பது முதற் பிரசங்கம். நீதிபதியின் சிறுமகன் துடித்து மாள்வதைக் கண்ணாரக் கண்ட பின்னர், இரண்டாவதில் அவர் குரல் தணிகின்றது. 'நீங்கள்' மறைந்து 'நாம்' வருகின்றது.

இம்மாற்றத்தைத் திறனாய்வாளர் பலரும் போற்றியுள்ளனர். அது தகும். பனலூ நோய்த்தடுப்புத் தொண்டர்களோடு உழைத்து, இறுதியில் தாமும் மாள்கின்றார். எனினும் அவருடைய 'நாம்' எளிதாக வந்துவிட்டது. கடவுள் இதை ஏன் அனுமதித்தார் என்பதே இரு பிரசங்கங்களின் கேள்வி. மிகுதியாக மாள்பவர் யார், எதனால் என்னும் கேள்வி இரண்டிலும் இல்லை.

அக்கேள்வியை நாவலே தொடக்கத்தில் எழுப்புகின்றது. அரேபியரின் வாழ்க்கை நிலையை ஆராயப் பாரிசிலிருந்து வரும் செய்தியாளர் ராம்பேரிடம், முழு உண்மையையும் எழுத உமக்கு உரிமை உண்டா என்று மருத்துவர் ரியே வினவுகின்றார். இல்லை என்றதும் அப்பேச்சு நின்றுவிடுகின்றது. அதன்பின் அந்நாட்டின் பெரும்பான்மையினராகிய அரேபியர் பெயரின்றி, குரலின்றி மறைகின்றனர். உணவு விலை ஏறியபோது ஏழைகள் வாடினர், செல்வர்க்குக் குறையொன்றுமில்லை என்று எழுதிய ஆசிரியரின் கண்ணுக்கு அரேபியர் குடியிருப்பு எட்டவில்லை.

காரணம் உண்டு. காம்யுவுக்குக் கொள்ளைநோய் நாசி ஆதிக்கத்தின் உருவகம். உருவகம் ஊர் முழுவதையும் ஒன்றாகவே தாக்கும். மெய்யான நோய் அவ்வாறு தாக்குவதில்லை. நம் நாட்டுக் கணக்கொன்றைப் பார்ப்போம். 1918இல் பம்பாய் நகரில் இன்ஃபுளுவன்சாவால், தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்களில் ஆயிரவருக்கு 61.6 பேரும், ஏனைய இந்துக்களில் 18.9 பேரும், ஐரோப்பியரில் 8.3 பேரும் மாண்டனர். கிருமி ஒன்றே, நகரமும் ஒன்றே. மழை பொய்த்துத் தானிய விலை ஏறிய அவ்வாண்டில், வேறுபட்டவை குடியிருப்பும் உணவும் பராமரிப்புமே. இந்த எண்களின்முன் பனலூவின் முதற் பிரசங்கம் கொடுமையாகின்றது, இரண்டாவது போதாததாகின்றது.

2020இல் கொரோனாவின்முன் அனைவரும் சமம் என்று நம் மேடைகளிலும் பேசப்பட்டது. ஒரே அறையில் எண்மர் உறங்கும் வீட்டில் இடைவெளி ஏது? தெருக்குழாயில் வரிசையில் நிற்பவர் அடிக்கடி கைகழுவுவது எங்ஙனம்? ஊரடங்கில் கூலியிழந்து நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளரின் 'நாம்', வீட்டிலிருந்தே மாதச் சம்பளம் பெற்றவரின் 'நாம்' அன்று.

லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர் மற்றவரைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை ஆண்டவர் மறுக்கின்றார். உயிரோடிருப்பவரையே மனந்திரும்ப அழைக்கின்றார். கொள்ளைநோய்க் காலப் பிரசங்கத்திற்கு இதுவே அடிப்படையாகலாம். மாண்டவரின் பாவத்தைத் தேடுவதை விட்டு, அவர்களை நெருக்கடியிலும் பசியிலும் வைத்திருந்த ஏற்பாட்டில் நமக்குள்ள பங்கை ஆராய்வதே அம்மனந்திரும்புதல். பனலூ செய்யாத மூன்றாம் பிரசங்கம் அதுவே. இறையியல் மாணவர் இந்நாவலைப் படித்து முடித்தபின், அதை எழுத முயல்வாராக.