எட்டாவது பாட்டு

அப்பரின் நீற்றறைப் பதிகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஊரில் பாட்டி பாடுவார். இங்கே அமெரிக்காவில் சனிக்கிழமைக் கூட்டுவழிபாட்டில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அதில் முதல் பாட்டு மட்டுமே எனக்குத் தெரியும் என்பதை வேலை போன பிறகுதான் உணர்ந்தேன்.

என்னைப் போல வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் பெட்டி கட்ட வேண்டும். வழிபாட்டுக்கு வரும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்து வைத்தும் அப்பர் கலங்கவில்லை. அதைப் பாடுங்கள், மனசு அடங்கும்” என்றார். பாடினேன். அடங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் வீட்டுக் கடன், மகளின் பள்ளி, மிச்சமிருக்கும் நாட்கள் என்று அதே கணக்கு. குறை என் பக்தியில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஓர் இரவில் ஐந்தாம் திருமுறையை எடுத்துப் பத்துப் பாட்டையும் வரிசையாகப் படித்தேன்.

முதல் பாட்டு நாம் அறிந்ததுதான். வீணை, நிலா, காற்று, இளவேனில், வண்டு சுற்றும் குளம் என்று எல்லாம் குளிர்ச்சி. காளவாய் பாட்டுக்குள் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரின் பாடலுக்கு அந்தப் பின்னணியைப் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அந்தக் கதையோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டு, அசையாத மனத்தின் பாட்டு என்றே இதை எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஆனால் பதிகம் அந்தக் குளிர்ச்சியிலேயே நிற்பதில்லை. இறைவனைப் போற்றாமல் வாழ்வை வீணாக்குகிறவர்களைக் கடிந்துகொள்கிறது. வாழ்த்துவதற்கு வாயும் நினைப்பதற்கு மனமும் இருந்தும் வீணாக்கினேனே என்று ஏழாவது பாட்டில் அந்தக் கண்டிப்பு தன் மீதே திரும்புகிறது. எட்டாவது பாட்டில், நான் தொழுதுகொண்டுதான் இருக்கிறேன், இந்த அறிவுகெட்ட நெஞ்சோ ஏர் போன தடத்திலேயே மறுபடி ஏர் பூட்டப் போகிறதே என்று தவிக்கிறார். வேளாண் குடியில் பிறந்தவருக்குக் கைவந்த உவமை. என் மூன்று மணிக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

இது அவருக்குப் புதிதுமல்ல. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து பாடிய முதல் பதிகமே, வலி தாங்கவில்லை, நீக்கு என்ற முறையீடுதான். வலியைச் சொல்லி முறையிட்ட அதே வாய்தான் பின்னால் குளிர்ச்சியைப் பாடுகிறது. முறையிடுவதை நம்பிக்கைக்கு எதிராக அவர் வைக்கவே இல்லை. கேட்கிறவன் இருக்கிறான் என்று நம்பாதவன் யாரிடம் முறையிடுவான்?

நெருப்பு வருவது பத்தாவது பாட்டில். அங்கேயும் அது சுடும் நெருப்பல்ல. விறகுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தீயைப் போல இறைவன் மறைந்திருக்கிறான், கடைந்தால்தான் வெளிப்படுவான் என்கிறார். அமைதி தானாக வந்து இறங்குவதில்லை. துதிப்பதும் ஒருவகையில் கடைவதுதான்.

எனக்கு 46ஆம் நாள் வேலை கிடைத்தது. அதைப் பாட்டின் கணக்கில் எழுத மாட்டேன். எழுதினால், கிடைக்காமல் ஊர் திரும்பிய நண்பனின் பக்திக்கு என்ன கணக்குச் சொல்வது? பாட்டு எனக்குத் தந்தது வேறு. நெஞ்சு பழைய தடத்துக்கு ஓடும்போது, பக்தி போய்விட்டது என்று பயப்படாமல் திரும்பவும் பாட உட்கார முடிகிறது. அந்தத் தெம்பு போதும்.

கூட்டுவழிபாட்டில் முதல் பாட்டோடு நிறுத்திக்கொள்வதை நாம் விட்டுவிடலாம். தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாவது பாட்டும் காதில் விழட்டும்.