பற்றைக்குள் கிறுகும் துவக்கு

உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே போனால் சேனை வெட்டிக் கைவிட்ட நிலம் நிறையக் கிடக்கிறது. இரண்டு மூன்று வருடம் சோளமும் கச்சானும் எடுத்துவிட்டு மனிதர் விலகிக்கொள்ள, ஈங்கையும் சூரையும் கிளாவும் ஒன்றையொன்று பின்னி ஆளுயரத்துக்கு எழும்பிவிடும். இலங்கையின் கிழக்கில், எங்கள் படுவான்கரையில் அதைப் பற்றை என்போம். உள்ளே நுழைந்தால் பத்துப் பாகத்துக்கு அப்பால் கண் போகாது. இரவில் வயல்வட்டைக்குள் இறங்கிக் கதிரை உழக்கும் பன்றி, பகலில் படுத்துக் கிடப்பது அதற்குள்தான்.

"நீளத் துவக்கோட அதுக்குள்ள கிறுகேலா மனே" என்பார் என் பெரியப்பா. கிறுகுதல் என்றால் திரும்புதல். அவரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. மருந்தையும் குண்டையும் வாய்வழியே போட்டுக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பெயர். நட்டு நிறுத்தினால் அவர் காதுமட்டத்துக்கு வரும். போர்க்காலத்தில் அது வீட்டை விட்டுப் போயிற்று; யார் கொண்டுபோனார்கள் என்பது இங்கே வேண்டாத கதை.

பற்றைக்குக் குட்டைத் துவக்குதான் தோது என்று பெரியப்பா மட்டுமல்ல, வேட்டை தெரிந்த எல்லோருமே சொல்கிறார்கள். எல்லோரும் சொல்லும் பேச்சைச் சற்று உரைத்துப் பார்ப்பது நல்லது.

உரைத்துப் பார்க்கச் சாட்சிகள் வேண்டும்; அவர்களில் பேர்போனவர் சாமுவேல் பேக்கர். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். யானை வேட்டைக்காக இந்தக் கிழக்குப் பக்கமும் வந்துபோனவர். 1850களில் வெளியான தமது இலங்கை வேட்டை நூலில் தம் ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுச் சொல்கிறார். நாலு அவுன்ஸ் குண்டு போடும் ஒற்றைக்குழல் ஒன்று, எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் குண்டுக்கு நீண்ட ஒற்றைக்குழல் ஒன்று, 16 இறாத்தல். அவற்றோடு இரட்டைக்குழல்கள் நாலு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழலை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

பேக்கரின் சாட்சியத்தை நான் பாதிக்கு மேல் தள்ளிவிடுகிறேன். அவர் சுட்டது யானையை. இன்னும் முக்கியமாக, அந்த ஆறு துவக்குகளையும் அவர் ஒருவரே சுமக்கவில்லை. பின்னால் வரும் கூலியாட்கள் மருந்திட்ட துவக்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் கொடுப்பார்கள். தானே சுமந்து, தானே இடித்து, தானே சுட்டு, தப்பினால் தானே ஓட வேண்டிய படுவான்கரை விவசாயிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் பேக்கரிடமிருந்து கைவிடக்கூடாத ஒன்று உண்டு: குண்டின் கனம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதைவிட நெருக்கமான சாட்சி ஜெர்மன் காடுகளிலிருந்து கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பன்றியும் மானும் சுட்டவர்கள் கையில் இருந்தது 'யேகர்' என்னும் துவக்கு. யேகர் என்றாலே வேடன்தான். குழல் முப்பது அங்குலத்துக்குள் அடங்கும், வாய் அகலம், குண்டு கனம். அதைச் செய்த கைவினைஞர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தபின் குழல் நீண்டது, வாய் சிறுத்தது. இங்கிலாந்திலும் இடத்துக்கேற்ப நீளம் மாறியது. காலாட்படையின் 'பிரௌன் பெஸ்' குழல் 42 அங்குலம், பிறகு வந்த இந்திய மாதிரி 39 அங்குலம். வரிசையாக நின்று சுடவும் முனையில் கத்தி செருகிக் குத்தவும் அந்த நீளம் வேண்டியிருந்தது. மரத்தையும் வேலியையும் மறைவாகக் கொண்டு சுடும் படைக்கு 1800இல் வந்த பேக்கர் துவக்கின் குழலோ 30 அங்குலம்தான். (இவர் எசேக்கியேல் பேக்கர், நம் யானைக்காரர் அல்லர்.) ஆள் மறைந்து நடக்கும் இடத்தில் குழல் குறுகியிருக்கிறது.

சரி, குழலைக் குறுக்கினால் என்ன இழக்கிறோம்? முதலில் வேகம். கருமருந்து சட்டென்று எரிந்து முடிவது. தள்ளுவிசையின் பெரும்பங்கு குழலின் அடிப்பாதியிலேயே தீர்ந்துவிடும். குழலையும் மருந்தளவையும் பொறுத்து, ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குப் பத்து இருபது அடி குறையலாம். இருபத்தைந்து மீற்றருக்குள் நிற்கும் பன்றிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அடுத்தது குறி. இது பலர் எண்ணிப் பார்க்காத இடம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீற்றர் இருக்கும் துவக்கில் கண் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், 25 மீற்றரில் குண்டு 50 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். இடைவெளி 90 சென்றிமீற்றரானால் 28 மில்லிமீற்றர்தான். ஒரு விரலகல வேறுபாடு, பற்றைக்குள் பொறுத்துக்கொள்ளலாம். அதையே பரணில் இருந்துகொண்டு 80 மீற்றருக்கு அப்பால் வரம்போரம் நிற்கும் பன்றிக்குக் கணக்குப் பாருங்கள்: குட்டையில் 160, நீளத்தில் 89. தோளில் பட வேண்டியது குடலில் படும். குடலில் பட்ட பன்றி இரவெல்லாம் ஓடி எங்கோ கிடந்து அழுகும். ஆகவே துவக்கின் நீளத்தைப் பற்றி யாராவது கேட்டால், பரணுக்கா நடைக்கா என்பதுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது.

நடைக்கு என்றால் நீளம் எப்படிக் கெடுக்கும் என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சுட்டாயிற்று. காற்றில்லாத பற்றைக்குள் வெண்புகை கலையாமல் முகத்துக்கு முன் தொங்குகிறது. பட்டதா, படவில்லையா தெரியாது. மறுகா இடிக்க வேண்டும். மருந்து, குண்டு, பிறகு கம்பி. 40 அங்குலக் குழலுக்கு அதே நீளத்தில் கம்பி; உருவி எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினால் சூரைமுள் கையைப் பிடித்துக்கொள்ளும். பிடங்கை நிலத்தில் ஊன்றி எழுந்து நின்றால் ஒழிய ஏலாது. குட்டைக் குழலை ஒற்றை முழங்காலில் இருந்தபடியே இடித்துவிடலாம். ஆனால் அப்போது குழல்வாய் தாடைக்குக் கிட்ட வருகிறது. குழலடியில் கனல் கிடந்தால் மருந்து கொட்டும்போதே பற்றும். குட்டைத் துவக்கின் உண்மையான குறை வேகத்திலும் குறியிலும் இல்லை, இங்கேதான் இருக்கிறது. அதைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரட்டைக்குழல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். ஆனால் ஒரு குழல் வெடித்த உதையில் மறுகுழலின் குண்டு மருந்தை விட்டு முன்னே நகர்ந்துவிடலாம். அந்த இடைவெளியோடு சுட்டால் குழலே பிளக்கக்கூடும். தவிரவும், தட்டினால் வெடிக்கும் கேப்பு மாட்டிய ஒரு குழல் முகத்தை நோக்கியிருக்க மற்றதை இடிப்பது. எனக்கு வேண்டாம்.

இனிக் குண்டு. நம் பக்கத்தில் வழக்கமாகப் போடுவது சன்னம். முயலுக்கும் கௌதாரிக்கும் அது சரி. முதிர்ந்த ஆண்பன்றியின் தோளில் தோலுக்குக் கீழே விரல்தடிமனுக்கு ஒரு கெட்டிப்பட்டை உண்டு. சன்னம் அதில் தைத்து நின்றுவிடும். கனத்த ஒற்றைக் குண்டுதான் நேர்மையான வழி. துவக்கின் 'போர்' எண், ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு வரும் என்பதைச் சொல்வது. 20 போர் என்றால் குண்டு ஏறத்தாழ 23 கிராம், 12 போர் என்றால் 38 கிராம். பேக்கரின் 21 இறாத்தல் அரக்கன் இந்தக் கணக்கில் 4 போர். நமக்கு 20க்கும் 12க்கும் நடுவே போதும். குறுகிய குழலில் வேகம் குறைவதைக் கனம் ஈடுசெய்யும். கிட்டத்தூரத்தில், எண்ணெய்த் துணி சுற்றி இறுக்கிய குண்டுக்கு வரிப்பள்ளமும் அவசியமில்லை.

ஈரத்தை மறக்கக் கூடாது. பன்றித் தொல்லை உச்சம் பெறுவது மகாபோக வேளாண்மை கதிர் கட்டிக் குடலைக்கு வரும் காலத்தில். அதுவோ வடகீழ்ப் பருவமழையின் காலம். மருந்து எரிந்தபின் குழலில் படியும் கரி ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் தின்னும். வாவிக் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். குட்டைக் குழலைக் கழுவுவதும் துடைப்பதும் இலகு. சிறு நன்மைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் நன்மை.

இவ்வளவு தூரம் குட்டைத் துவக்கே வெல்கிறது. என்றாலும் நம் ஊரில் புழங்கும் குட்டைத் துவக்கு பெரும்பாலும் இந்தக் காரணங்களால் குறுகியதில்லை. ஒளிப்பதற்காகக் குறுகியது. சாக்குக்குள் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதற்காக. எந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பாராத குழாயில், எடையே இல்லாமல் செய்யப்பட்டது. அதன் கடைசித் தம்பி கட்டுத்துவக்கு. முழங்கால் உயரத்தில் கட்டி, தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இலக்கு இரண்டு மீற்றரில் வந்து நிற்பதால் அதற்குக் குழல் நீளமே தேவையில்லை. பன்றிக்குக் கட்டியதில் தேன் எடுக்கப் போனவனின் கால் போகும், மாட்டின் கால் போகும். நாட்டுத் துவக்கின் காயத்தோடு அலைந்து புரையோடிச் சாகும் யானைகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி இடியனுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. வயலை அழிக்கும் பன்றிக்கு அந்தக் காப்பு இல்லை. மேலே நான் பன்றியை மட்டுமே பேசியதற்குக் காரணம் அதுவே.

ஆக, பற்றைக்குள் நடந்து போகிறவனுக்கு என் தேர்வு இது. குழல் 26 முதல் 28 அங்குலம். நட்டு நிறுத்தினால் நெஞ்சுக்குழிக்கு மேலே வரக் கூடாது. 24க்குக் கீழே இறக்கினால் கிறுகுவதில் கிடைக்கும் லாபம் சொற்பம், தாடைக்கு வரும் ஆபத்து அதிகம். ஒற்றைக் குழல், 20க்கும் 12க்கும் இடைப்பட்ட போர், தீக்கல் இல்லாமல் கேப்பில் வெடிக்கும் குதிரை. எடை ஏழு இறாத்தலுக்குக் குறையக் கூடாது. கனத்த குண்டின் உதையை எடைதான் வாங்கும். சோதிக்கப்பட்ட குழல், பத்திரம் உள்ள துவக்கு. பத்திரம் இல்லாதது எவ்வளவு கைக்கடக்கமாக இருந்தாலும் இந்தப் போட்டிக்குள்ளேயே வராது. பரணுக்கு மட்டும் நீளத் துவக்கு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரியப்பாவின் இடியன் பற்றைக்கு ஒரு முழம் அதிகம். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். அவர் துவக்கோடு பற்றைக்குள் இறங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. பரணில் ஏறிக் குந்திக்கொண்டு, நாயைத்தான் உள்ளே அனுப்புவார்.