வாளின் பெயரும் வடித்த கையும்

அரபு மொழியில் வாளுக்குப் பெயர்கள் பல. அவற்றுள் ‘முஹன்னத்’ என்பது ஹிந்து நாட்டு வாள் எனப் பொருள்படும். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் அண்ணலார் (ஸல்) திருமுன் பாடிய ‘பானத் ஸுஆத்’ கஸீதாவிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. அதனை ஓதும் காயல்பட்டினத்து மாணவன் ஒருவன், “அந்த வாளுக்குரிய எஃகை உருக்கிய கை யாருடையது? எவ்வாறு உருக்கிற்று?” என்று கேட்பானாயின், கித்தாபுகளில் விடை காண்பது அரிது.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பேரறிஞர் அல்கிந்தி, கலீஃபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றித் தனிநூல் யாத்தார். எமன், ஸரந்தீப் முதலிய நாட்டு வாள்களை வகைப்படுத்தி, அலகில் நீரோட்டம்போல் தோன்றும் ‘ஃபிரிந்த்’ என்னும் வரிகளையும் விளக்கினார். எனினும் அது பெரிதும் வாளை ஆராய்ந்து வாங்குவோன் கண்ணுக்கு உதவும் நூலேயன்றி, எஃகு உருக்குவோன் கைக்கு உதவும் நூலன்று.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்னும் ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு எஃகு முறையை எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையை மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து உலையில் வைப்பர். இட்ட பொருள்கள் ஏட்டில் ஏறின, பக்குவம் ஏறவில்லை. அதன் விளைவு யாது? தொழில் மறைந்தபின், அமெரிக்க அறிஞர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் பல்லாண்டுகள் சோதித்தே, வனேடியம் போன்ற தனிமங்கள் சிறிதளவு கலந்திருப்பது அவ்வரிகள் தோன்றக் காரணமாகிறது என்று காட்ட வேண்டியதாயிற்று.

இந்நிலையில், கையால் வாள் வடிப்பதைப் படம்பிடிக்கும் முயற்சிகள் நம் மதிப்பீட்டுக்கு உரியன. 2012இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் ‘நோவா’ வரிசையில் வெளியான ‘வைக்கிங் வாளின் இரகசியங்கள்’ அத்தகைய படம். விஸ்கான்சின் மாநிலத்துக் கொல்லர் ரிக் ஃபரர் மூசையில் எஃகு உருக்கி, ‘உல்ஃப்பெர்ட்’ எனப் பெயர் பொறித்த பண்டை ஐரோப்பிய வாளைப் போன்றதொன்றைத் தம் கையால் வடிக்கிறார்.

எழுத்தால் இயலாத ஒன்றை இப்படம் செய்கிறது. கரிச்சத்து மிகுந்த இவ்வெஃகு, அளவுக்கு மீறிக் காய்ந்தால் சம்மட்டி அடியில் நொறுங்கும், ஆறிவிட்டால் பிளக்கும். இடைப்பட்ட பதத்தைக் கொல்லன் நிறத்தால் அறிகிறான். ‘சிவக்கக் காய்ச்சுக’ என்று எழுதலாம். எந்தச் சிவப்பு என்பதைக் கண்ணே அறிய வேண்டும். எஃகுக்கட்டி மெல்ல மெல்ல நீண்டு அலகாவதையும், பழுத்த அலகு எண்ணெயில் தோயும் நொடியையும் படம் காட்டும்போது, அல்கிந்தியின் நூலில் இல்லாத பக்கத்தைப் படிப்பதுபோல் இருக்கிறது.

குறைகளும் உள. நெடிய உழைப்பு ஒரு மணி நேரத்துள் சுருக்கப்படுகிறது. காத்திருப்பதும் தொழிலின் கூறே என்பது மறைந்துபோகிறது. பின்னணி இசையும் விளக்கவுரையும் சம்மட்டி ஓசையின்மேல் ஏறி ஒலிக்கின்றன. கொல்லனோ கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் வேலை செய்பவன். வியப்பூட்டுவதற்காக எடுக்கும் படத்திற்கு இவை குறைகளல்ல. ஆவணமாக நிற்க வேண்டிய படத்திற்கு இவை பெருங்குறைகள்.

படம் பார்த்துக் கொல்லனாக முடியுமா எனின், முடியாது. கித்தாபை மட்டும் புரட்டியவனுக்கு எந்த உஸ்தாதும் இஜாஸா வழங்குவதில்லை. படம் ஆசானாகாது, ஆனால் சாட்சியாகும். ஆசான் மறைந்தபின் சாட்சியும் இல்லையேல், பின்வருவோர் இருளில்தான் தேட வேண்டும்.

வாளுக்கு நேர்ந்தது நம் அண்டை வீட்டுத் தொழில்களுக்கும் நேரலாம். தாமிரபரணிக் கரையில் பத்தமடையில், லெப்பைக் குடும்பத்தார் கோரையை ஓடுநீரில் ஊறவைத்து, நூல்போல் கீறி, பட்டுப்போன்ற பாய் நெய்து வந்துள்ளனர். மணமக்கள் பெயர் நெய்த பாய்களைப் புகழ்கிறோம். கோரை கீறும் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை எவர் பதிந்துவைத்தோம்? இன்று வீடுதோறும் கைப்பேசியில் படக்கருவி இருக்கிறது. இசை வேண்டா, விளக்கவுரை வேண்டா. தொடக்கம் முதல் முடிவு வரை, பிழைத்ததையும் பிழையாததையும் வெட்டாமல், கைவினைஞரின் கையருகே கருவியை வைத்துப் பதிவு செய்தல் போதும்.

‘முஹன்னத்’ என்னும் பெயர் நம்மிடம் எஞ்சியிருக்கிறது, கை எஞ்சவில்லை. எஞ்சியுள்ள கைகளையாவது நம் பிள்ளைகள் காணும்படி செய்வோமாக.